கேனரி பாட்டுக்காரன் இல்லைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு தாராவியிலருந்து வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல அமெரிக்க ரவுடிங்க பேச்சு பத்தின தொடர் மூணாவது வாரம் வந்துச்சுல்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர். மொத ரெண்டு வாரமும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டேன், மூணாவது வாரம் முடியல. ஏப் ரெலஸ்னு ஒரு ஆளைப் பத்தி ‘இனிமையாகப் பாடக்கூடியவர், ஆனால் பறக்கத் தெரியாதவர், 1941-இல் கோனி ஐலண்ட் விடுதியில் தங்கியிருந்தபோது ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார்’னு போட்டிருக்கீங்க. படிச்சிட்டு என் மருமக கேக்குறா, மாமா இவரு சினிமாவுல பாடினவரான்னு.

அந்தாளு பாட்டுக்காரன் இல்லைங்க, கொலைகாரன். நியூயார்க் ப்ரூக்ளின்ல ப்ரௌன்ஸ்வில்ங்கிற ஏரியாவுல ஒரு மிட்டாய்க்கடையில கூடி உக்காந்துக்கிட்டு காசு வாங்கி ஆள முடிக்கிற கூட்டம் ஒண்ணு இருந்துச்சு, பேப்பர்காரங்க அதுக்கு மர்டர் இன்கார்ப்பரேட்டட்னு பேரே வச்சாங்க, அதுல முக்கியமான கை இவன். 1940-ல மாட்டுனதும் தன் தலைய காப்பாத்திக்க கூட்டாளிங்கள வரிசையா போட்டுக் குடுத்தான், அவன் சொன்ன சாட்சியால பல பேரு மின்சார நாற்காலிக்கு போனாங்க. போலீஸ்கிட்ட இப்படி கக்குறதுக்குத்தான் அங்க ‘பாடுறது’ன்னு பேரு. கேனரின்னா கூண்டுல வளக்குற மஞ்சக் குருவி, நாள் பூரா பாடிக்கிட்டே இருக்கும், அதனால கக்குறவனுக்கு அந்தப் பேரு. 1941 நவம்பர் 12-ம் தேதி விடியக்காலம், ஹாஃப் மூன்ங்கிற ஹோட்டல்ல ஆறாவது மாடியில, வாசல்ல போலீஸ் காவல் இருக்கும்போதே ஜன்னல் வழியா கீழ விழுந்து செத்தான். தப்பிக்கப் பாத்தானா தள்ளி விட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் பேசுறாங்க. கேனரிக்கு பாட வந்துச்சு பறக்க வரலன்னு ஊரே நக்கலடிச்சுது அதுக்கப்புறம்தான். அந்த நக்கல எடுத்து நீங்க வாழ்க்கை வரலாறா போட்டுட்டீங்க.

இதுல பக்கத்துலயே ‘பாடு பாடு சிறை’ன்னு வேற. சிங் சிங்ங்கிறது ஊர்ப் பேருங்க. ஹட்சன் ஆத்தோரம் சின்ட் சிங்க்னு ஒரு பழங்குடி ஜனம் இருந்துச்சு, அவங்க பேர்லருந்து வந்தது. நியூயார்க்லருந்து ஆத்துக்கு மேல்பக்கமா இருக்கிற ஜெயில், அதனாலதான் உள்ள போனவனை ‘ஆத்துக்கு மேல அனுப்பிட்டாங்க’ன்னு சொன்னாங்க. நாளைக்கு திருச்செந்தூர அமெரிக்காக்காரன் ‘அழகான சிவப்பு ஊர்’னு எழுதினா நமக்கு எப்படி இருக்கும்.

நான் யாருன்னு சொல்லிடுறேன், இல்லன்னா இந்தாளுக்கு என்ன தெரியும்னு நினைப்பீங்க. ப்ரொஃபசர் எல்லாம் இல்ல. நெல்லை பக்கத்துலருந்து 1979-ல 19 வயசுல பம்பாய் வந்தவன். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பிளாட்பாரத்துல எங்க சித்தப்பா பழைய புத்தகம் வித்தாரு, அங்க 20 வருஷம் இருந்தேன். ஆபீஸ் முடிஞ்சு போறவங்க கிலோ கணக்குல குடுத்துட்டுப் போற இங்கிலீஷ் துப்பறியும் கதைங்க, அட்டைய பாத்தாலே தெரியும், தொப்பிய சாச்சு வச்சவன் ஒருத்தன், துப்பாக்கி, கூட ஒரு பொம்பளை. அதைப் படிச்சுத்தான் எனக்கு இங்கிலீஷே வந்துச்சு. வாழைப்பழம் மாதிரி விக்கிறது ஜேம்ஸ் ஹேட்லி சேஸ். பின்னாடிதான் தெரிஞ்சுது, அந்தாளு லண்டன்ல பொறந்த வெள்ளைக்காரரு, அமெரிக்க ஸ்லாங் டிக்ஷனரியும் மேப்பும் பக்கத்துல வச்சிக்கிட்டு அமெரிக்க ரவுடிக் கதை எழுதினவராம். அவரு டிக்ஷனரிய சரியாத்தான் பாத்திருக்காரு, உங்க மொழிபெயர்ப்பாளர்தான் வேற டிக்ஷனரிய பாத்துட்டாரு.

சிரிப்பு என்னன்னா நீங்க தேடின வார்த்தை எல்லாம் தமிழ்ல ஏற்கெனவே இருக்கு, பேசுறவங்களும் இருக்காங்க. ‘பத்து வருடம் பெரிய வீட்டில் இருந்தான்’னு எழுதிருக்கீங்களே, தமிழ்ல பெரிய வீடுன்னா என்ன அர்த்தம், அதுக்கு எதிர்ப்பதம் என்னன்னு ஆபீஸ்ல யாருக்குமே தோணலையா? மாமியார் வீட்டுல பத்து வருஷம்னு போட்டிருந்தா சின்னப் புள்ளைக்கும் புரியும். கம்பி எண்ணினான்னு போடலாம், களி தின்னான்னு போடலாம். அப்புறம் ‘வாரம்தோறும் பழச்சாறு கொடுக்காவிட்டால் காலை உடைப்பார்கள்’. அது சிகாகோ பக்கத்து வார்த்தைங்க, ஜூஸ்னா வட்டி. நியூயார்க்காரன் இதையே விக்னு சொல்லுவான், ரஷ்ய வார்த்தை ஒண்ணு யூதர்கள் பேச்சு வழியா வந்து சுருங்கிப் போனது. அஞ்சு டாலர் வாங்கினா அடுத்த வாரம் ஆறு டாலர், அதாவது வாரத்துக்கு 20 சதவீதம். இதுக்கு நம்மகிட்ட வார்த்தைக்கா பஞ்சம், கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி, எங்க தெருவுல எவளைக் கேட்டாலும் ஒவ்வொண்ணுக்கும் வித்தியாசம் சொல்லுவா, அனுபவிச்சவ.

பத்து டாலருக்கு அங்க சாபக்னு பேரு, அதை ‘ரம்ப மான்’னு போட்டது மட்டும் எனக்கு பிடிச்சிருக்கு, ஏதோ காட்டுல இருக்கிற மிருகம் மாதிரி. சாபக்னா மரம் அறுக்க கீழ முட்டுக் குடுக்கிற கட்டை, ரெண்டு பக்கமும் எக்ஸ் மாதிரி குறுக்க நிக்கும். பழைய பத்து டாலர் நோட்டுல ரோமன் பத்து, அதுவும் எக்ஸ். அவ்வளவுதான் விஷயம். அஞ்சு டாலர் ஃபின், அது யூதர்கள் மொழியில அஞ்சு. நூறுக்கு சி நோட்டு, அதுவும் ரோமன் எண்தான். இங்க மும்பைல லட்சத்துக்கு பேட்டி, கோடிக்கு கோக்கா, ரெண்டுமே பொட்டிதான், ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசு. துப்பாக்கிக்கு கோடா, குதிரை. அவங்க கேட்னாங்க, கேட்லிங்னு ஒரு பழைய மிஷின் கன் பேர வெட்டி எடுத்தது. கூட்டத்துக்கு நடுவுல பணத்தைப் பத்தியும் ஆயுதத்தைப் பத்தியும் பேசணும், பக்கத்துல நிக்கிறவனுக்கு புரியக் கூடாது, ரெண்டு ஊருக்கும் அதே தேவைதான்.

ஸ்டூல் பிஜன். இதுக்கு ‘நாற்காலிப் புறா’. வேடன் மத்த புறாங்கள இறக்குறதுக்காக ஒரு புறாவ பழக்கி கட்டி வச்சிருப்பான், அதைப் பாத்து கூட்டம் இறங்கும், வலை விழும். போலீஸுக்கு ஆள் காட்டுறவனுக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. பம்பாய்ல கப்ரி. ஊர்ல கைக்கூலி, எட்டப்பன். ஆனா ஒண்ணு சொல்லட்டா, அந்தப் பொறிப் புறாவுக்கு நேர் வார்த்தையே தமிழ்ல இருக்கு, பார்வைங்கிறது. புறநானூறு 320-ல ‘பார்வை மடப்பிணை’ன்னு வரும், வேடன் பழக்கி வச்சிருக்கிற பெண்மான். பாட்டுல வேடன் அசந்து தூங்குறான், பார்வை மானோட ஒரு காட்டுக் கலைமான் வந்து சேந்து விளையாடுது, சத்தம் போட்டா புருஷன் முழிச்சிக்குவான், மானும் பிரிஞ்சிடும்னு பொண்டாட்டிக்காரி அசையாம இருக்கா. ப்ரூக்ளின் கதையில அந்தப் பொம்பளை மாதிரி ஒருத்தரும் கிடையாது. பார்வைன்னு எழுதினா இன்னைக்கு யாருக்கும் புரியாது, அது எனக்கும் தெரியும், சும்மா சொன்னேன். கப்ரின்னு போடுங்க, போதும்.

இப்ப உண்மையிலேயே எனக்கு வயித்தெரிச்சல் எங்கன்னு சொல்லணும். ஏமாத்துக்காரங்களைப் பத்தி எழுதின பகுதியில ‘கடைசியில் அவனைக் குளிர்வித்து அனுப்பினார்கள்’னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏழு வருஷம் செலவு பண்ணிருக்கேன்.

1979-ல தாதர் ஸ்டேஷன்ல இறங்கினேன். டவுசர் பையில 300 ரூபா, அம்மா கம்மல அடகு வச்சு குடுத்தது. பிரிட்ஜ் ஏறப் போறேன், ஒருத்தன் பக்கத்துல வந்து, ‘தம்பி எந்த ஊரு, பேச்சப் பாத்தா நம்ம பக்கமால்ல இருக்கு’ன்னான். எனக்கு உசிரே வந்துடுச்சு, ரெண்டு நாளா ரயில்ல தமிழ்ப் பேச்சு கேக்காம காஞ்சு போயிருந்தேன். நாலடி நடந்ததும் கீழ ஒரு கர்ச்சீப் பொட்டலம், அவன் எடுத்தான், ஓரமா பிரிச்சு காட்டுறான், மேல பத்து ரூபா நோட்டு, கட்டு கட்டா. ‘ஆளுக்குப் பாதி, ஆனா இங்க பிரிக்க வேண்டாம், நீ இந்தப் பொட்டலத்த வச்சிரு, நான் வெளிய ஆள் இருக்கான்னு பாத்துட்டு வாரேன், நீ ஓடிட்டன்னா நான் என்ன பண்ணுவேன், உங்கிட்ட இருக்கிறத எங்கிட்ட குடு.’ குடுத்தேன். முக்கா மணி நேரம் நின்னுட்டு பிரிச்சுப் பாத்தா மேல ஒரு நோட்டு கீழ ஒரு நோட்டு, நடுவுல பூரா பேப்பர் வெட்டி வச்சிருக்கான். பேப்பர நம்பி ஏமாந்தது எனக்கு அதுதான் மொத தடவை. ரெண்டாவது தடவை போன ஞாயித்துக்கிழமை.

அழுதுக்கிட்டு உக்காந்திருக்கேன். வெள்ளை சட்டை போட்ட ஒரு பெரியவர், அவரும் தமிழ்தான், என்னப்பான்னு தோள்ல கை போட்டாரு. கதைய கேட்டுட்டு த்சு த்சுன்னு கொட்டினாரு, கூட்டிட்டுப் போயி டீயும் வடாபாவும் வாங்கிக் குடுத்தாரு. போலீஸுக்கு போறேன்னதுக்கு, ‘வேண்டாம் மக்கா, கீழ கெடந்த பணத்த எடுத்தது நீயும்தானே, மொத உன்னத்தான் உள்ள வைப்பான், இந்தூரு பாஷையும் உனக்கு தெரியாது’ன்னாரு. அஞ்சு ரூபா கையில வச்சு தாராவி பஸ்ஸுல ஏத்தி விட்டாரு. மகராசன்னு ஏழு வருஷம் அவரை நினைச்சு கும்பிட்டிருக்கேங்க, பொய்யில்ல.

1986-ல கடைக்கு அட்டை கிழிஞ்ச புத்தகம் ஒண்ணு வந்துச்சு. டேவிட் மௌரர்னு லூயிவில் யுனிவர்சிட்டியில மொழி ஆராய்ச்சி பண்ணினவரு, ஏமாத்துக்காரங்ககூடவே உக்காந்து பேசி அவங்க பாஷைய எழுதி 1940-ல போட்டது. அதுல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேரு. ஏமாறப் போறவன் மார்க், நம்ம பாஷையில ஆடு, இங்க பக்ரா, அதுவும் ஆடுதான். ஆட்டை புடிச்சிட்டு வாறவன் ரோப்பர், கயித்துக்காரன். உள்ள உக்காந்து கதைய நடத்துறவன் இன்சைட் மேன். ரேஸ் கிளப் மாதிரி, ஷேர் ஆபீஸ் மாதிரி ஒரு பொய்க் கடையவே செட்டப் பண்ணிருப்பாங்க, அங்க பந்தயம் கட்டுறவன் எழுதுறவன் எல்லாம் கூலிக்கு நடிக்கிறவன், அது பிக் ஸ்டோர். ஆடு ருசி கண்டதும் ஊருக்கு அனுப்பி பேங்க்ல இருக்கிற மிச்சத்தையும் எடுத்துட்டு வரச் சொல்றது ஒரு கட்டம், அது சென்ட். இதெல்லாம் சுவாரசியமா படிச்சிட்டு வந்தேன். அப்புறம் அந்த இடம் வந்துச்சு. ஏமாந்தவன் கத்தாம, போலீஸுக்கு போகாம, தன் மேலயும் தப்பு இருக்குன்னு நம்பி வாய மூடிட்டு வீட்டுக்கு போகணும், அதுக்குன்னே பக்கத்துலருந்து ஆறுதல் சொல்ற வேலை ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேருதான் கூலிங் த மார்க் அவுட்.

புத்தகத்த மூடிட்டேன். வெள்ளை சட்டை, டீ, வடாபாவ், ‘நீயும்தானே எடுத்த’.

அன்னைக்கு சித்தப்பாகிட்ட சொன்னப்ப, ‘இதுக்குப் போயி புத்தகம் படிக்கணுமாலே’ன்னாரு, அவருக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு, மனசு உடைஞ்சிடுவேன்னு சொல்லல. இப்பவும் ஒரு ஓரத்துல அந்தாளு நெசமாவே நல்லவரா இருந்திருப்பாரோன்னு தோணும், அந்த டீ அன்னைக்கு எனக்கு அவ்வளவு தேவையா இருந்துச்சு. எர்விங் கோஃப்மன்னு சமூகவியல்காரர் ஒருத்தர் 1952-ல இந்த வார்த்தைய வச்சே ஒரு கட்டுரை எழுதிருக்காரு, வேலை போனவன், காதல்ல தோத்தவன், இவங்களையெல்லாம் ஊரு எப்படி இதே மாதிரி தட்டிக் குடுத்து அனுப்பி வைக்குதுன்னு. அவ்வளவு பெரிய வார்த்தை அது. தமிழ்ல இதுக்கு ஒத்த வார்த்தை எனக்கு தெரிஞ்சு இல்ல, இருந்தா சொல்லுங்க. இல்லாதப்ப மூணு வரி விளக்கி எழுதணும், ‘குளிர்வித்தார்கள்’னு போட்டா என்னமோ ஃபேன் போட்ட மாதிரி இருக்கு.

இன்னொண்ணு நம்பர்ஸ். ‘ஹார்லெமில் எண் ஓட்டக்காரர்கள் தெருத்தெருவாக ஓடினர்’. எதுக்கு ஓடினாங்க, பந்தயமா? இங்க மட்காங்கிற நம்பர் சூதாட்டத்துக்கு சீட்டு எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி ஆளுங்க சாமி அவங்க. 1920கள்ல நியூயார்க்ல கறுப்பர்கள் இருந்த ஹார்லெம்ல இது ஓகோன்னு ஓடுச்சு. 000-லருந்து 999 வரைக்கும் ஒரு நம்பர் சொல்லி ஒரு பைசா ரெண்டு பைசா கட்டலாம். ஜெயிக்கிற நம்பர் பேங்குங்க கணக்கு தீக்கிற க்ளியரிங் ஹவுஸ் பேப்பர்ல போடுற தொகையிலருந்து எடுப்பாங்க, அதனால யாரும் கை வைக்க முடியாதுன்னு ஜனங்களுக்கு நம்பிக்கை. பின்னாடி குதிரை ரேஸ் கலெக்‌ஷன்லருந்து எடுத்தாங்க. ஆயிரத்துல ஒண்ணு விழும், விழுந்தா 600 மடங்கு. ஸ்டெஃபனி செயின்ட் க்ளேர்னு ஒரு பொம்பளையே இந்த ஆட்டத்த நடத்துற பெரிய பேங்கரா இருந்திருக்கா. டச் ஷுல்ட்ஸ்ங்கிற ரவுடி 1930கள் ஆரம்பத்துல அடிச்சுப் புடுங்க வந்தப்பவும் அவ எதுத்து நின்னா. கனவுல என்ன வந்தா எந்த நம்பர்னு அங்க புத்தகமே வித்துச்சு. எங்க பாட்டி பாம்பு வந்தா ஒண்ணு, செத்தவங்க வந்தா எட்டுன்னு வாயாலயே சொல்லிடுவா.

மட்கா எங்கருந்து வந்துச்சுன்னு உங்க தொடர்காரருக்கு தெரிஞ்சிருந்தா அந்தப் பத்தி எப்படி இருந்திருக்கும்! நியூயார்க் பருத்தி மார்க்கெட்ல காலையில தொறக்கிற ரேட்டு, மூடுற ரேட்டு பம்பாய்க்கு தந்தி மாதிரி வரும், அதுல தான் இங்க பந்தயம் கட்டினாங்க. ஓப்பன், க்ளோஸ்னு இன்னைக்கும் சொல்றது அந்தப் பருத்தி ரேட்டு ஞாபகம்தான். 1961-ல நியூயார்க்லருந்து ரேட்டு வர்றது நின்னுடுச்சு, ஆட்டம் நிக்கல. 1962-ல வொர்லியில கல்யாண்ஜி பகத், 1964-ல ரத்தன் கத்ரி, பானைக்குள்ள சீட்டு போட்டு எடுத்தாங்க, அப்புறம் சீட்டுக்கட்டு வந்துச்சு, மட்கான்னா பானை, பேரு மட்டும் அப்படியே நின்னுடுச்சு. பரேல், லால்பாக் மில்லுக்காரங்க கூலி பாதி இதுலதான் போச்சு. எங்க மாமா முறை ஒருத்தர் எழுபதுகள்ல சயான்ல சீட்டு எழுதினவரு, சிங்கிள் விழுந்தா ஒண்ணுக்கு ஒம்பது. பத்துல ஒண்ணு விழுறதுக்கு ஒம்பது, அங்க ஆயிரத்துல ஒண்ணுக்கு அறுநூறு. பம்பாய்க்காரன் கொஞ்சம் இரக்கக்காரன் போல. இரக்கம் எல்லாம் இல்ல, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஆடுனா மெல்ல மெல்ல புடுங்கிக்கலாம்.

எல்லாத்துக்கும் இங்கத்து வார்த்தைய ஒட்டிடலாம்னு நான் சொல்லல. காசுக்கு கொலை பண்ற காண்ட்ராக்டுக்கு சுபாரின்னு போட்டா சட்டுனு புரியும், ஆனா அவங்க கம்பெனி மாதிரி பேசினாங்க, கொலைய ஆர்டர் புடிச்ச வேலை மாதிரி. இங்க சுபாரின்னா பாக்கு. நம்ம ஊர்ல வெத்தலை பாக்கு மாத்தினா நிச்சயதார்த்தம், அதே பாக்க இங்க கையில வாங்கினா கருமாதி. ரெண்டு வாசனையும் வேற. அதே மாதிரி ப்ரொடெக்‌ஷன்ங்கிறதை பாதுகாப்புன்னே போட்டிருக்கீங்க, அது சரி, மாத்திடாதீங்க, எவன் கடைய உடைப்பானோ அவனே காசு வாங்கிட்டு பாதுகாக்குறான்கிற நக்கல் தமிழ்லயும் அப்படியே வருது. இங்க ரவுடிங்க வாரா வாரம் வாங்குற மாமூலுக்கு சொல்ற ஹஃப்தாவ போட்டா அது போயிடும்.

ஹூச்னு ஒரு வார்த்தைய மட்டும் அப்படியே விட்டிருக்கீங்க. அலாஸ்காவுல ஒரு பழங்குடி கிராமத்துல காச்சின சரக்கோட பேரு அது, 1920-லருந்து 1933 வரைக்கும் அமெரிக்காவுல மதுவிலக்கு இருந்தப்ப எல்லாரு வாயிலயும் வந்துச்சு. இப்ப நம்ம நாட்டு இங்கிலீஷ் பேப்பர்ல கள்ளச்சாராயச் சாவு வந்தா அந்த வார்த்தைதான் தலைப்பு. பூட்லெக்கருக்கு ‘காலணிக் கால்காரர்’னு போட்டது தேவையில்லாதது, பூட்ஸுக்குள்ள பாட்டில் சொருகினதால வந்த பேருதான், ஆனா தொழில் பேரு கள்ளச்சாராயம் கடத்துறவன்தானே. இங்க டயர் ட்யூப்ல ஊத்தி உடம்புல கட்டிக்கிட்டு வருவாங்க. ஹாத்பட்டி சரக்கு. தூத்துக்குடியிலருந்து வந்து வி.டி. ஸ்டேஷன்ல போர்ட்டரா இருந்த வரதராஜ முதலியாரு அதுலதான் ஆளானாரு, ராமநாதபுரம் பனைக்குளத்துக்காரரு ஹாஜி மஸ்தானுக்கு கடல் வழி தொழில். பெருமைக்கு சொல்லல, அதனால எத்தனை குடும்பம் நாசமாச்சுன்னு நான் கண்ணால பாத்தவன். ஆனா அந்தத் தொழிலு தமிழ்ப் பேச்சுலயும் நடந்த ஊரு இது. நியூயார்க் ரவுடி பேச்சை தமிழாக்க சென்னையில உக்காந்து அகராதி புரட்டுறீங்க, உங்க பேப்பர் மும்பைலயும் விக்கிது, 90 அடி ரோட்டு டீக்கடையில ஒரு சாயங்காலம் உக்காந்தா போதும்.

அடுத்த வாரம் பிக்பாக்கெட்னு விளம்பரம் போட்டிருக்கீங்க. முன்கூட்டியே சொல்லிடுறேன். கேனன்னு வரும், அது பீரங்கி இல்ல, பிக்பாக்கெட்காரன். ஸ்டால்னு வரும், அது கடை இல்ல, முன்னாடி நின்னு வழிய மறிக்கிறவன், லோக்கல் ட்ரெயின் கதவுகிட்ட குர்லா வரும்போது இறங்காம நிப்பான் பாருங்க, அவன். போக்னு வரும், குத்துறது இல்ல, பர்ஸு. எடுக்குறவன் ஒருத்தன், வாங்கி நகத்துறவன் இன்னொருத்தன். அவங்களுக்கு தமிழ்ல முடிச்சவிக்கின்னு பேரு, வேட்டி முந்தியில காசு முடிஞ்சு வச்ச காலத்துப் பேரு. அதைப் போடுங்க. ரெலஸ் பாடகர் இல்லைன்னு ஒரு திருத்தமும் சின்னதா போட்டீங்கன்னா நல்லது, என் மருமக இன்னும் அவரு பாட்ட யூட்யூப்ல தேடிக்கிட்டிருக்கா.

இப்படிக்கு,
தாராவி 90 அடி ரோட்டு வாசகன்,
மும்பை